எரியாத மீன்

“ஞாயித்துக்கிழமை மட்டும் அது எரியக் கூடாது. அதுக்கு என்ன பண்ணணுமோ சொல்லு, பண்ணிடறேன்.”

“அக்கா, அது மீனு. ட்யூப்லைட் இல்ல.”

“எனக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருஷமா மீன்தானே விக்கிறேன்.”

“அப்புறம் என்கிட்ட வந்து சுவிட்ச் எங்கன்னு கேட்டா?”

“மருந்தை ஏத்தினது நீ. ஏத்தத் தெரிஞ்சவளுக்கு இறக்கத் தெரியாதா?”

பிரிசில்லா கையிலிருந்த வெப்பமானியைத் தொட்டிக்குள் விட்டாள். முப்பத்து நான்கு காட்டியது. குனிந்து தொட்டியின் பின்பக்கம் பார்த்தாள்.

“ஹீட்டர் போட்டிருக்கீங்களா?”

“ஒண்ணே ஒண்ணு.”

“ரெண்டு தெரியுது.”

“இன்னொண்ணு துணைக்கு.”

பிரிசில்லா இரண்டு ஹீட்டர்களின் வயரையும் பிடுங்கினாள். தொட்டிக்குள் இருந்த கோய் என்ற வண்ணமீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. வெள்ளை உடம்பு, நெற்றியில் மட்டும் சிவப்பாக ஒரு வட்டம். கார் உச்சியில் வைக்கும் சிவப்பு விளக்கு போல இருக்கிறது என்று, இந்த வீட்டுப் பெண் யமுனா அதற்குக் கலெக்டர் என்று பெயர் வைத்திருந்தாள்.

“கலெக்டரை வேக வெச்சுடாதீங்க. பொண்ணு பார்க்க வர்றவங்க குழம்புன்னு நெனச்சுடுவாங்க.”

“நீ சிரிப்ப. உனக்கென்ன. ஞாயித்துக்கிழமை பத்தரைக்கு வர்றாங்க. அந்தம்மா ஃபோன்ல முதல் கேள்வியே, உங்க வீட்ல மீன் இருக்கான்னுதான் கேட்டாங்க. ஜாதகத்தைக்கூட அப்புறம்தான் கேட்டாங்க. ஏற்கெனவே பார்த்த மூணு இடமும் ஒண்ணொண்ணா தட்டிப் போச்சு. இது அவளா விரும்பின பையன். இதுவும் போச்சுன்னா அவ என்னைப் பார்க்கவே மாட்டா.”

அது உண்மைதான். யமுனாவும் கௌதமனும் பெரம்பூரில் ஒரே கண்ணாடிக் கடையில் வேலை செய்தார்கள். அவள் வருகிறவர்களின் பார்வையைச் சோதிப்பாள், அவன் உள்ளே லென்ஸ் வெட்டுவான். மூன்று வருடமாக அவள் எழுதிக் கொடுத்த எண்களை வைத்து அவன் ஊராரின் உலகத்தைத் தெளிவாக்கிக்கொண்டிருந்தான். இப்போது இரண்டு பேருடைய வாழ்க்கையும் ஒரு மீனுக்குள் தூங்கும் கிருமியின் தயவில் இருந்தது.

கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் யமுனாவின் அம்மா கோமளவல்லியின் கடை கீழே, வீடு மேலே. இரண்டு வருடங்களுக்கு முன் அந்தக் கடைக்குக் கடல் கடந்து வந்த கோய் மீன்களில் பாதி, மூன்றே வாரத்தில் செவுள் வெளுத்துச் செத்துப்போயின. பிழைத்தவை நூற்று எண்பது. அவற்றைத் தேடிக்கொண்டுதான் பிரிசில்லா முதன்முதலில் கடைக்கு வந்தாள். மீன் நோய்களைப் பற்றி ஆராயும் இருபத்தாறு வயதுப் பெண், தோளில் ஒரு தெர்மோகோல் பெட்டி.

“பிழைச்சதை ஏன் கேக்கறே? செத்ததை இல்ல எடுத்துட்டுப் போவாங்க?” என்றாள் கோமளா அப்போது.

“பிழைச்சதுக்குள்ளதான் கிருமி இருக்கு.”

“நல்லாத்தானே நீந்துது.”

“ஆமாம். தூங்குது அது. இது ஹெர்பிஸ் குடும்பத்துக் கிருமி. நமக்கு ஜுரம் வந்தா உதட்டோரம் கொப்புளம் வருமில்ல, அது இதுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்.”

“அது எட்டுக்கால் பூச்சி ஏறினா வர்றதில்லையா?”

“இல்லக்கா. ஒரு தடவை உள்ள வந்தா ஆயுசுக்கும் வெளிய போகாது. எங்கேயாவது மூலையில சுருண்டு படுத்துக்கும். அப்ப அதைக் கண்டுபிடிக்கறது ரொம்பக் கஷ்டம். மீனு பயந்தா, தண்ணி குளிர்ந்தா, முழிச்சுக்கும். முழிச்ச உடனே பெருகறதுக்காக ஒரு நொதியைத் தயார் பண்ணும்.”

“நொதின்னா?”

பிரிசில்லா கொஞ்சம் யோசித்தாள். கடை வாசலில் ஒரு பஸ் போனது.

“கண்டக்டர்னு வெச்சுக்கங்க. நான் தீனியில ஒரு மருந்து கலந்து தருவேன். அந்த மருந்து மீனோட உடம்புக்குள்ள முன்பக்கம் ஏறி, பின்பக்கம் இறங்கிப் போயிட்டே இருக்கும். கிருமி தூங்கற வரைக்கும் கண்டக்டர் கிடையாது. கிருமி முழிச்சா கண்டக்டர் வந்துடுவாரு. வர்ற மருந்துக்கெல்லாம் டிக்கெட் கிழிச்சுக் கையில குடுத்துடுவாரு. டிக்கெட் வாங்கினா இறங்க முடியாது. கூட்டம் சேரும். கூட்டம் சேர்ந்தா வெளிச்சம் வரும்.”

“மீனு எரியுமா?”

“பச்சையா.”

“அப்ப எரிஞ்சா?”

“அதுக்குக் கஷ்டம்னு அர்த்தம்.”

அந்த வாக்கியத்தை அவள் இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். பிரிசில்லாவே பிற்பாடு பலமுறை அப்படி நினைத்துக்கொண்டாள். ஏனென்றால் அந்தத் தெருவில் மீன் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் வாஸ்து மீன் கேட்டு வருகிறவர்கள். வீட்டுக்கு வரும் கெட்டதை மீன் தன்மேல் வாங்கிக்கொள்ளும் என்பது அவர்கள் நம்பிக்கை. மீன் செத்தால் வருத்தப்பட மாட்டார்கள். எங்களுக்கு வந்தது அதோடு போயிற்று என்று நிம்மதியாக இன்னொன்று வாங்க வருவார்கள். வாங்கிக்கொள்ளும்போதே எரிந்து காட்டுகிற மீன் என்றால் விடுவார்களா?

நூற்று எண்பது மீன்களையும் வேறு கோய்களோடு சேர்த்து வைக்க முடியாது. முழிக்கிற கிருமி தண்ணீரில் இறங்கிப் பக்கத்து மீனைக் கொன்றுவிடும். தனியாக வைத்துப் பராமரிக்கக் கோமளாவுக்கு இடம் இல்லை. பிரிசில்லாவுக்கோ ஆய்வுக்கூடத்தின் அமைதியில் அல்லாமல், விதவிதமான சத்தங்களுக்கு நடுவே அந்தக் கிருமி எப்போது முழிக்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது. ஆகவே ஒரு வீட்டுக்கு ஒரு மீன், தனித் தொட்டி, மாதாமாதம் மருந்துத் தீனி, கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் என்று முடிவாயிற்று. மீன் எரிந்தால் தேதி, நேரம், அப்போது வீட்டில் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். பிரிசில்லா எதிர்பார்த்தது தண்ணீரின் வெப்பநிலையை. மக்கள் எழுதியது வேறு.

‘மதியம் 2.10 மச்சினர் வந்தார். 2.30 எரிந்தது. மச்சினர் போன பிறகும் எரிந்தது.’

‘பிளஸ் டூ ரிசல்ட். காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரை. பையன் பாஸ். இருந்தாலும்.’

‘வீட்டில் நான் மட்டும்தான். எதுவும் நடக்கவில்லை. ஏன் எரிந்தது என்று தெரியவில்லை.’

கடைசியாக இருந்ததைப் பிரிசில்லா மூன்று முறை படித்தாள். ஆராய்ச்சிக்கு உதவாத குறிப்பு. ஆனாலும் அந்தப் பக்கத்தைக் கடந்து போக அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்படிப்பட்ட நாட்களில் அவள், இந்த மீன்களின் பாட்டன்மார் பனி மூடிய குளங்களின் அடியில் அசையாமல் கிடந்ததை நினைத்துக்கொள்வாள். அங்கே சத்தமே இருந்திருக்காது. மேலே பனி விழும், அவ்வளவுதான். அங்கிருந்து பெயர்த்து எடுத்துவந்து, மிக்சி ஓடுகிற ஊரில் வைத்தால் யாருக்குத்தான் உள்ளே எதுவும் புரளாது?

ஒரு வருடத்துக்குள் ஊர் மாறிவிட்டது. கல்யாணத் தரகர்கள் பத்துப் பொருத்தத்தோடு பதினோராவதாக மீன் பொருத்தம் பார்த்தார்கள். வாடகைக்கு வீடு கேட்டால், பழைய வீட்டில் மீன் எத்தனை தடவை எரிந்தது என்று வீட்டுக்காரர் கேட்டார். ஒரு காவல் நிலையத்தில் வைத்த மீன் மூன்று நாள் அணையவே இல்லை. நான்காம் நாள் அவர்களே மரியாதையாகத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏசி போட்ட வீடுகளில் தண்ணீர் குளிர்ந்து மீன் சும்மா சும்மா எரிந்ததால், பணக்கார வீடுகளில் நிம்மதியே கிடையாது என்று தெருவில் திருப்தியாகப் பேசிக்கொண்டார்கள்.

எல்லாமே சிரிப்பாக இருக்கவில்லை. கிருமி முழித்துக் கூட்டம் சேர்ந்து வெளிச்சம் வர கால் மணி நேரமாவது ஆகும். யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. எரியும்போது யார் எதிரில் நிற்கிறார்களோ அவர்கள்தான் காரணம் என்று வைத்துக்கொண்டார்கள். அயனாவரத்தில் ஒரு மருமகள் ஆறரைக்கு ஆபீஸிலிருந்து வரும்போதெல்லாம் மீன் எரிந்தது. இரண்டு மாதம் அவளை அம்மா வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவள் போன பிறகும் ஆறரைக்கு எரிவதை நோட்டில் பார்த்துப் பிரிசில்லா நேரே போனாள். ஆறு மணிக்கு மாமனார் செய்திச் சேனலை முழுச் சத்தத்தில் வைக்கிறார், அதில் நான்கு பேர் கத்துகிறார்கள், காரணம் அதுதான் என்று எடுத்துச் சொன்னாள். மாமனார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மருமகளைக் கூட்டிவந்தார். மீனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். டிவியை விடவில்லை.

“கஷ்டப்படறது மீனு, பஞ்சாயத்து மனுஷங்களுக்கு,” என்றாள் பிரிசில்லா அன்று கோமளாவிடம். “ஒவ்வொரு தடவை எரியும்போதும் அதுக்கு ஆயுசு குறையுதுக்கா. யாரும் அதை நோட்டுல எழுதறதில்ல.”

இத்தனைக்கும் நடுவில் நோட்டில் ஒரு வரிகூட எழுதப்படாத வீடு ஒன்று இருந்தது. அது கோமளாவின் வீடு. பதினான்கு மாதங்களாகக் கலெக்டர் ஒருமுறைகூட எரிந்ததில்லை.

காரணம் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கோமளாவும் அவள் கணவர் தட்சிணாமூர்த்தியும் பேசிக்கொண்டு ஒன்பது வருடமாகிறது. ஒரு பெருமழையின்போது இரண்டு நாள் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரை அவர் போட்டிருப்பார் என்று இவளும், இவள் போட்டிருப்பாள் என்று அவரும் இருந்துவிட்டார்கள். காலையில் கடையைத் திறந்தபோது காற்றில்லாமல் எல்லாத் தொட்டிகளிலும் மீன்கள் மிதந்தன. நீதான் என்று இரண்டு பேரும் ஒருமுறை சொன்னார்கள். அதற்குப் பிறகு எதுவும் சொல்லவில்லை.

சேர்ந்தே கடை நடத்தினார்கள். சேர்ந்தே சாப்பிட்டார்கள். ‘ஃபில்டர் மாத்தணும்’, ‘அம்பத்தூர் பார்ட்டி வரல’ போன்ற விவரங்களை ஐந்தாம் நம்பர் தொட்டியின் கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் எழுதி வைத்தார்கள். மற்றவர் படித்து அழிப்பார். அவசரமாக இருந்தால் கோமளா மீனைப் பார்த்துப் பேசுவாள். தட்சிணாமூர்த்தி காலண்டரைப் பார்த்துப் பதில் சொல்வார். மகளுக்கு அப்போது பதினாறு வயது. முதல் வருடம் தூது போனாள். பிறகு அலுத்துப்போய் அவளும் அந்த வீட்டின் முறைக்குப் பழகிவிட்டாள்.

“என் ஆராய்ச்சியிலயே அமைதியான வீடு உங்களோடதுதான்க்கா,” என்று பிரிசில்லா ஒருமுறை சொல்லியிருந்தாள். அதை ஒரு சான்றிதழ் போலவே கோமளா மனசுக்குள் மாட்டி வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கோமளா நாற்காலிக் கால்களுக்கு அடியில் பழைய துணியைச் சுற்றினாள். பக்கத்து வீட்டில் போய் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். மிக்சியை ஒளித்து வைத்துவிட்டு, சட்னியை அம்மியில் அரைத்தாள். மற்றபடி அமைதிக்காக அந்த வீட்டில் புதிதாக எந்த ஏற்பாடும் தேவைப்படவில்லை. தண்ணீரின் சூட்டைப் பார்த்துக்கொள்ளப் பிரிசில்லாவையும் வரச் சொல்லியிருந்தாள். “என் தங்கச்சி மாதிரின்னு சொல்லிக்கிறேன். நீ பாட்டுக்கு அந்த ஓரத்துல உக்காந்து கலெக்டரைப் பார்த்துக்க.”

பத்தரைக்குக் கௌதமன் தன் அம்மா விசாலாட்சியோடு வந்தான். விசாலாட்சி வில்லிவாக்கத்தில் தையல் கடை வைத்திருப்பவர். உட்கார்ந்த ஐந்தாம் நிமிடம் அவருடைய ஃபோன் அடித்தது. எழுந்து மாடிப்படிக்குப் போய்ப் பேசினார். மெதுவாகப் பேசுவதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

“எத்தனை விசில்னு சொல்லிட்டுத்தானே வந்தேன்... நாலா? நாலு வெச்சா அது சாம்பாரு இல்ல, பாயாசம்... ஆமா, நான் கத்தறேன், நீங்க மட்டும் கொஞ்சறீங்களாக்கும்... சரி, வாங்கிட்டு வரேன். எந்தக் கடை மிக்சரு? அந்தக் கடையா? பல்லு போயிடும் உங்களுக்கு... சரி சரி, வெச்சுடுங்க.”

திரும்பி வந்து புடவையைச் சரிசெய்தபடி உட்கார்ந்தார். “இவங்கப்பா. ரயில்வேல மத்தியான ட்யூட்டிக்கு மாத்திட்டாங்கன்னு வர முடியல. போறதுக்குள்ள சமைக்கறேன்னு நிக்கறாரு.”

கோமளா அனுதாபமாகத் தலையாட்டினாள். உள்ளுக்குள் அவளுக்குத் தைரியம் வந்தது. இப்படிக் கத்துகிற வீட்டில் மீன் என்ன பாடுபடும் என்று நினைத்தாள்.

விசாலாட்சி நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். துணி சுற்றியிருந்ததால் அது சத்தமில்லாமல் வழுக்கியது. குனிந்து நாற்காலியின் காலைப் பார்த்தார்.

“பாருங்க,” என்று கோமளா நோட்டை நீட்டினாள். “பதினாலு மாசம். ஒரு தடவைகூட எரிஞ்சதில்ல. இதை ஆராய்ச்சி பண்ற பொண்ணே இங்கதான் இருக்கு. கேட்டுக்கங்க.”

பிரிசில்லா ஓரத்திலிருந்து வணக்கம் சொன்னாள். விசாலாட்சி நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எல்லாப் பக்கங்களும் காலி.

“யாராவது ஃபேனைக் கொஞ்சம் வேகமா வெச்சா நல்லாருக்கும்,” என்றாள் கோமளா, மீனிடம்.

தட்சிணாமூர்த்தி எழுந்து ஃபேனைக் கூட்டினார். பிறகு காலண்டரைப் பார்த்து, “அடுப்புல பாலு இருக்கறது அந்தப் பக்கம் ஞாபகம் இருக்குதான்னு தெரியல,” என்றார்.

கோமளா சமையலறைக்கு ஓடினாள். விசாலாட்சி ஷட்டில் ஆட்டம் பார்ப்பவர் போல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். காபி வந்தது. ‘சர்க்கரை போதுமான்னு தெரியல’ என்று ஒரு குரல் மீனிடம் கேட்டது. ‘போதும்னு நெனக்கறேன்’ என்று ஒரு குரல் காலண்டரிடம் சொன்னது. யமுனா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எங்க வீட்லயும் இவங்ககிட்ட வாங்கின மீன்தான்,” என்றார் விசாலாட்சி. “வாரத்துல மூணு தடவை எரியும்.”

“அடப்பாவமே,” என்றாள் கோமளா.

“அணையவும் அணையும். இவங்கப்பா காபி போட்டு எடுத்துட்டு வந்து பக்கத்துல நிப்பாரு. வேணாம்பேன். இன்னும் கொஞ்ச நேரம் நிப்பாரு. வாங்கிக்குவேன். அரை மணில அணைஞ்சுடும்.” காலி நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். “எப்படி அணையறதுன்னு எங்க மீனுக்குத் தெரியும். உங்க மீனுக்குத் தெரியுமான்னு இதுல எழுதலையே.”

எரிவதற்கு எதிராக மட்டும்தான் கோமளா ஏற்பாடு செய்திருந்தாள்.

“யமுனா,” என்றார் விசாலாட்சி. “உனக்குக் கோவம் வந்தா என்ன பண்ணுவம்மா?”

“அம்மா, விடும்மா,” என்றான் கௌதமன்.

“நீ சும்மா இரு. நான் அவளைக் கேட்டேன்.”

யமுனா நிமிர்ந்தாள். பொய் சொல்லலாம். எதிரில் இருப்பவருக்குப் பொய் பிடிக்காது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

“பேச மாட்டேன்.”

“எத்தனை நாளு?”

“போன வருஷம் ஒரு தடவை இருபத்தாறு நாள்.”

“ஆடி மாசமா?”

“ஆமா.”

“அதான். அந்த மாசம் இவன் ஆறு கிலோ இளைச்சுட்டான். டைபாய்டுன்னு நெனச்சு ரெண்டு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தேன். எதுலயும் ஒண்ணும் தெரியல.” விசாலாட்சி சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. “உன்னை எனக்குப் பிடிச்சிருக்கும்மா. மூஞ்சிக்கு நேரா உண்மையைச் சொல்ற. ஆனா இவனுக்கு யாராவது பேசாம இருந்தா சோறு இறங்காது. எங்க வீடு ரெண்டே ரூம். அதுல ஒண்ணு பேசாத ரூமா ஆயிட்டா நாங்க எங்க போவோம்?”

தொட்டியின் ஏர் பம்ப் மட்டும் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

“யோசிச்சு அடுத்த ஞாயித்துக்கிழமை சொல்றேன்,” என்று விசாலாட்சி எழுந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்பதற்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். போகும்போது கௌதமன் திரும்பிப் பார்த்தான். யமுனா ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம். பழக்கம் அவளை நிறுத்தியது.

படியிறங்கும் சத்தம் ஓய்ந்தது. கோமளா மீனைப் பார்த்தாள்.

“யாராவது வந்தவங்ககிட்ட நாலு வார்த்தை நல்லதா பேசியிருந்தா இப்படி ஆகியிருக்காது.”

“எரியாத மீனைக் காட்டிப் பெருமை பேசச் சொன்னது யாருன்னு தெரியல,” என்றார் தட்சிணாமூர்த்தி காலண்டரிடம்.

கோமளா சட்டென்று பிரிசில்லா பக்கம் திரும்பினாள்.

“ஐஸ் போட்டா எரியுமில்ல?”

“அக்கா.”

“ஃப்ரிட்ஜ்ல ரெண்டு ட்ரே இருக்கு. போட்டு, எரியறதை வீடியோ எடுத்து அந்தம்மாவுக்கு அனுப்பறேன். அப்புறம் ஹீட்டரைப் போட்டு அணைச்சு இன்னொரு வீடியோ. அணையறதையும் பார்த்துக்கட்டும்.”

“மூணு நாளா எரியக் கூடாதுன்னு உயிரை எடுத்தீங்க.”

“அது அப்ப.”

“மாட்டேன்,” என்றாள் பிரிசில்லா. “ஐஸ் போட்டா நிஜமாவே எரியும். அதுக்கு நிஜமாவே வலிக்கும். அவங்க கேட்டது அது இல்ல. உங்களுக்கே தெரியும்.”

“அப்ப உன் ஆராய்ச்சியெல்லாம் எதுக்கு? அமைதியான வீடுன்னு நீதானே சொன்னே?”

பிரிசில்லா காலி நோட்டை எடுத்தாள். இரண்டு வருடமாக மற்ற நூற்று எழுபத்தொன்பது நோட்டுகளையும் படித்தவள் அவள். இந்த ஒன்றை மட்டும் படித்ததே இல்லை. படிக்க எதுவும் இல்லை என்று நினைத்திருந்தாள்.

“தப்பா சொல்லிட்டேன்க்கா. கண்டக்டர் வந்தாத்தான் என் மருந்துக்குத் தெரியும். வரலைன்னா, கிருமியே இல்லையா, இல்ல உள்ள படுத்திருக்கான்னு அதுக்குத் தெரியாது. ரெண்டுமே இருட்டுதான்.”

கோமளா துணி சுற்றிய நாற்காலியில் உட்கார்ந்தாள். தட்சிணாமூர்த்தி காபி டம்ளர்களை அடுக்க ஆரம்பித்தார். ஐந்து டம்ளர்களை அடுக்க அவருக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தது. கலெக்டர் தொட்டியின் நடுவில் அசையாமல் நின்றது. நெற்றியில் சிவப்பு வட்டம், மற்றபடி வெள்ளை.

யமுனா இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள். புடவைக் கொசுவத்தை ஒரு கையால் பிடித்திருந்தாள், ஓடப் போகிறவள் மாதிரி. ஒன்பது வருடமாக எந்த நேரத்தில் கேட்கலாம் என்று ஒத்திகை பார்த்தது போலவும் இருந்தது, இந்த நிமிடம்தான் தோன்றியது போலவும் இருந்தது.

“அப்பா.”

அவர் காலண்டர் பக்கம் திரும்பினார். அவள் போய்க் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றித் தரையில் வைத்தாள்.

“அம்மாவை ஒரு தடவை திட்டுப்பா. மனசுல என்ன இருக்கோ அதெல்லாம் சொல்லித் திட்டு. என்னைப் பார்த்து இல்ல. அம்மாவைப் பார்த்து.”